ஒரே கிடை, ஒரே புழு, சில ஆடு மட்டும் சாவதேன்?

சங்கரன்கோவில் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஐப்பசி மழை முடிஞ்சதும் செவ்வாட்டுல சிலது தாடை வீங்கிச் சாகுது. கூட மேய்ஞ்சது நல்லாத்தான் இருக்கு. கண்ணு பட்டிருக்கும்னு சொல்லுதாவ. நெசமா?"

ஊரார் கண்ணை விட்டுவிட்டு ஆட்டின் கண்ணைப் பாருங்கள். கீழிமையை இழுத்தால் உட்புறம் வெளுத்திருக்கிறதா? அப்படியென்றால் ஹீமாங்கஸ் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்காம் வயிற்றில் இருந்துகொண்டு, ஒவ்வொரு புழுவும் நாளுக்குச் சுமார் 0.05 மில்லி ரத்தத்தைக் காலி செய்யும். ஆயிரம் புழு என்றால் 50 மில்லி. ரத்தத்தில் புரதம் குறையக் குறையத் தாடையில் நீர் இறங்கும். முட்டை புழுக்கையோடு வெளியேறிப் பொரிக்கும்; அதிலிருந்து வரும் இளம்புழு ஈரப் புல்லில் ஏறி அடுத்த வாய்க்குக் காத்திருக்கும்.

பிழைக்கும் ஆடுகளில் இரண்டு வகை. ஒன்று புழுவை விரட்டுகிறது, இது எதிர்ப்பு. மற்றது புழுவை இருக்கவிட்டு, போன ரத்தத்தை எலும்பு மஜ்ஜையில் வேகமாக ஈடுகட்டுகிறது, இது தாங்குதிறன். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். ஆனால் ஒரு பெண்புழு நாளுக்கு 5000 முட்டைக்குமேல் இடும். தாங்குகிற ஆடு தான் கொழுத்துக்கொண்டே கிடைக்கெல்லாம் புழுவை விதைக்கிறது.

அப்படியானால் எல்லா ஆடும் எதிர்க்கலாமே? அதற்கும் செலவு உண்டு. இதே வயிற்றில் வாழும் வேறொரு புழுவைக் கொடுத்த குட்டிகளுக்கு ஸ்டீராய்டால் எதிர்ப்பை அடக்கிப் பார்த்தார்கள். புழு பெருகியது, ஆனால் குட்டிகள் வழக்கம்போலத் தின்றன. புழு பிடித்த குட்டி தீனியைக் குறைப்பதில் எதிர்ப்புக்கே பெரும்பங்கு!

என்னை மயக்குவது ஈனும் பருவம். அதுவரை புழுவை அடக்கி வைத்திருந்த பெட்டை, ஈனும் சமயத்தில் திடீரென்று முட்டைகளைக் கொட்டுகிறது. ஹார்மோன்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் எதிர்ப்புக்கு வேண்டிய எதிர்ப்பொருளும் சளியும் புரதம், குட்டியும் பாலும் புரதம். தீவனம் பற்றாதபோது உடம்பு முதலில் பாலுக்கு ஒதுக்குகிறது. புரதம் கூட்டிக் கொடுத்த சோதனைகளில் முட்டை குறைந்தது. அந்த முட்டைகள் புல்லுக்கு வரும் நேரத்தில்தான் குட்டிகளும் மேயத் தொடங்கும். புழுவுக்குக் காலம் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

செவ்வாடு, கீழக்கரிசல் ஆகிய ஆட்டினங்களில் எது விரட்டுகிறது, எது தாங்குகிறது என்று கிடைகிடையாகப் புழுக்கையில் முட்டை எண்ண ஆள் போட வேண்டும். பகட்டில்லாத வேலை, பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது.

வாசகருக்கு: கண் வெளுத்த ஆட்டுக்கு மட்டும் பூச்சி மருந்து கொடுங்கள். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்துக்கு அசையாத புழுதான் மிஞ்சும். சினைப்பெட்டைக்குக் கடைசி மாதம் கடலைப் புண்ணாக்கு வையுங்கள். புழுக்கையைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் முட்டை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், கொழுத்த ஆட்டினுடையதையும் சேர்த்து.