உரிந்துகொண்டிருக்கும் மலை

குமரி மாவட்டத்துச் சிதறால் மலையில் ஏறி, சமணக் குகைக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் மூச்சு வாங்கி முடித்ததும் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக இதுதான்: "இத்தற பெரிய பாறைய ஆரு தூக்கி மேல வச்சது?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு பெரும்பாறை இன்னொன்றின் மேல் கவிந்து கிடக்கிறது. அதன் அடியில் ஆள் படுக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், இங்கே சமணர்கள் இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பாறை முகப்பில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கினார்கள். கூரையை மட்டும் அவர்கள் செய்யவில்லை, அது முன்பே இருந்தது.

தூக்கி வைத்தவர் யாரும் இல்லை. சுற்றியிருந்த மண்தான் போய்விட்டது.

இதைப் புரிந்துகொள்ள மலைக்குப் போகவே வேண்டாம், ஜேசிபி போன இடத்துக்குப் போனால் போதும். எங்கள் ஊரில் வீட்டுமனைக்காக ஒரு சரிவை நெட்டுக்குத்தாக வெட்டினார்கள். செம்மண் சுவரில் உருண்டையாக ஒரு கல் துருத்திக்கொண்டு நின்றது. அதைச் சுற்றித் தவிட்டு நிறத்தில் அடுக்கடுக்காகத் தோல், உரித்த வெங்காயம் போல. விரலால் நெம்பிப் பார்த்தேன். முதல் தோல் மாவாக உதிர்ந்தது. மூன்றாவது தோல் பழைய பிஸ்கட் மாதிரி ஒடிந்தது. அதற்குள் இருந்த கல்லில் சம்மட்டி துள்ளித் திரும்பியது.

குமரி மாவட்டத்துப் பாறைகள் பெரும்பாலும் கிரானைட் போன்ற சார்னோக்கைட்டும், கார்னெட் என்ற சிவப்புக் கனிம மணிகள் பதிந்த, வரிவரியான நைஸ் பாறையும். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர் எல்லாம் ஒட்டிக் கிடந்த காலத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய 20 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. அப்படிப்பட்ட பாறையில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடும். விரிசல் பாறையைப் பெட்டி பெட்டியாகப் பிரிக்கிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு லேசாகப் புளித்துப்போய் அந்த விரிசல்களில் இறங்குகிறது. பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் கனிமம் அந்த நீரில் களிமண்ணாகிறது. இரும்பு துருப்பிடித்து மண்ணைச் சிவக்க வைக்கிறது.

பெட்டி ஏன் உருண்டையாகிறது? வாயில் கல்கண்டு போட்டுப் பாருங்கள். முதலில் கரைவது மூலைதான். தட்டையான முகத்தை ஒரு பக்கம்தான் நீர் தாக்கும், விளிம்பை இரண்டு பக்கம், மூலையை மூன்று பக்கம். பாறைகள் மண்ணுக்கு அடியிலேயே இப்படி உருண்டு தயாராகிவிடுகின்றன. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மண் அரித்துப்போனதும் நடுவில் மிஞ்சிய உருண்டைக் கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அப்படியே இறங்கி உட்கார்ந்துவிடுகின்றன.

மொட்டைப் பாறைகளில் நடப்பது வேறு. மேலிருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, அழுத்தம் விட்ட பாறை மேல்நோக்கிப் புடைத்து, தன் மேற்பரப்புக்கு இணையாகத் தகடு தகடாகப் பிளக்கிறது. வெயிலும் கை கொடுக்கிறது. கலிபோர்னியாவின் யோசெமிட்டியில் பாதி விட்டுப்போன ஒரு பாறைத் தகட்டின் பின்னால் கருவி பொருத்தி மூன்று ஆண்டுக்கு மேல் அளந்தார்கள். பகலில் அது வெளியே விலகுகிறது, இரவில் உள்ளே ஒட்டுகிறது. ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வரை. தென்னிந்தியக் கல்லுடைப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பாறைமேல் விறகு அடுக்கித் தீ மூட்டி, சூட்டில் விட்டுவரும் தகட்டைப் பலகையாகக் கிளப்பியவர்கள் அவர்கள்.

இப்படி ஒரு பாறைமேல் ஓர் இரவு தங்க நினைத்தோம். சிதறாலில் கூடாரம் அடிக்க முடியாது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். காட்டுக்குள் இருக்கும் மலைகளுக்கு வனத்துறை அனுமதி வேண்டும். நாங்கள் போனது அருமனைப் பக்கம், நண்பனின் மாமாவுடைய ரப்பர் தோட்டத்துக்கு நடுவே இருக்கும் ஒரு மொட்டைப் பாறை. மார்ச் மாதம். மணி ஒன்பதாகியும் பாறை தணியவில்லை. பாயை விரித்துப் படுத்தால் தோசைக்கல்லில் கிடப்பது போல இருந்தது. பகல் சூடு பாறைக்குள் அரை மீட்டருக்கு மேல் அதிகம் இறங்காது, ஆனால் இறங்கிய சூடு திரும்பி வர இரவு முழுக்க எடுத்துக்கொள்ளும். கூடாரத்தின் முளை பாறையில் இறங்காது என்பது அங்கே போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. நாலு மூலைக்கும் கல் தேடிக் கட்டினோம்.

கட்டி முடித்த நேரத்தில் மாமா டார்ச்சோடு வந்தார். கையிலிருந்த கம்பால் பாறையைத் தட்டிக்கொண்டே நடந்தார். ணங், ணங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம், எங்கள் கூடாரத்துக்கு இரண்டடி மேலே, சரிவில் ஒட்டியிருந்த பலகைக் கல்லில், டொம் என்று மாறியது.

"இங்க வேண்டாம் மக்கா, உள்ள பொந்து கெடக்கு."

அடியில் விட்டுப்போன தகடு அது. எங்களுக்கு மேலே நின்றது. தட்டியதில் ஓரத்திலிருந்து கொஞ்சம் மணல் கொட்டியது. டார்ச் வெளிச்சத்தில் அள்ளிப் பார்த்தோம்: வெள்ளைக் குவார்ட்ஸ், கருப்புப் பொட்டுகள், நடுவே மாதுளை முத்துபோலச் சிவப்பாக இரண்டு மூன்று கார்னெட் மணிகள். மலையிலிருந்து ஆறு வழியாக இறங்கி மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் சேரும் அதே சரக்குதான். கூடாரத்தை அவிழ்த்து, ணங் என்று கேட்ட பக்கமாக இழுத்துக்கொண்டு போனோம்.