அம்பாந்தோட்டை: ஒத்தியா, குத்தகையா?

காரைக்குடியில் எனக்கு வக்கீல் தொழில். பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் பெரிய வீட்டை ஹோட்டலுக்கு விடலாமா, ஒத்திக்கு வைத்த இடத்தை மீட்க முடியுமா என்று கேட்டு வருபவர்கள்தான் அதிகம். வந்த வேலை முடிந்ததும் சிலர் கேட்பார்கள்: "ஏன் வக்கீலய்யா, கடனுக்குப் பதிலா இலங்கைத் துறைமுகத்தை சீனாக்காரன் எழுதி வாங்கிட்டானாமே?"

வாட்ஸ்அப்பில் அப்படித்தான் வருகிறது. பத்திரம் பார்த்துப் பழகியவனுக்கு அது பாதிதான் சரி.

அம்பாந்தோட்டைத் துறைமுகம் கட்ட சீன எக்ஸிம் வங்கி கடன் கொடுத்தது உண்மை. முதல் கட்டத்துக்குச் சுமார் 30.7 கோடி டாலர், வட்டி 6.3 சதவீதம். 2010இல் திறந்தார்கள், எதிர்பார்த்த அளவுக்குக் கப்பல் வரவில்லை. 2017 ஜூலை 29 அன்று சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட் நிறுவனத்துக்கு 99 வருஷக் குத்தகை எழுதிக் கொடுத்தார்கள். கிடைத்த 112 கோடி டாலர் அந்தக் கடனில் கழியவில்லை. அது அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, கடன் இலங்கை அரசின் தலையிலேயே நின்றது.

ஒத்தி என்றால் பணத்தைக் கட்டினால் இடம் திரும்பிவிடும். இது குத்தகை. நாளைக்கே கடன் முழுக்க அடைந்தாலும் அனுபோகம், அதாவது இடத்தை வைத்து அனுபவிக்கும் உரிமை, குத்தகைதாரரிடம்தான் இருக்கும். வாட்ஸ்அப் கதையைவிட எனக்கு இதுதான் கவலையாகப் படுகிறது.

சீனா திட்டம் போட்டுத்தான் செய்ததா என்றும் கேட்பார்கள். திட்டமே தேவையில்லை என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியாததா? கீழ் பர்மாவுக்கு லேவாதேவி செய்யப் போன செட்டியார்கள் நிலம் பிடிக்கப் போகவில்லை. 1930களில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938இல் 25 சதவீதம் ஆனது. பர்மியர்களின் கோபத்துக்கு நம்மவர்களின் நோக்கம் ஒரு பொருட்டாகவே இல்லை.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். துறைமுகத்தை ராணுவத்துக்கு விடமாட்டோம், காவல் எங்கள் கடற்படையிடம் என்கிறது இலங்கை. காகிதத்தில் குறையில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை என்று அந்த நாடு அறிவித்தது. அதே வருஷம் ஆகஸ்டில் அங்கே வந்து நிற்க, செயற்கைக்கோளையும் ஏவுகணையையும் கண்காணிக்கும் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பலுக்கு அனுமதி கேட்டார்கள். இந்தியா கவலை தெரிவித்தது. பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்ன இலங்கை பிறகு சம்மதித்து, 16ஆம் தேதி கப்பல் வந்து நின்றது. கடனைச் சீரமைக்கச் சீனாவின் ஒப்புதலும் வேண்டியிருந்த நேரம் அது; மறுத்துப் பேசும் தெம்பு எங்கிருந்து வரும்?

தேதி பார்ப்பது தொழில் பழக்கம். இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு ஜூலை 29தான், 1987இல். இந்தியாவுக்குப் பாதகமாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ எந்த நாட்டின் ராணுவ உபயோகத்துக்கும் விடுவதில்லை என்று அப்போது பரிமாறிய கடிதத்தில் இருக்கிறது.

ஆகவே இப்படிச் செய்தி வந்தால் தொகையை அப்புறம் பாருங்கள். அனுபோகம் யாரிடம், எத்தனை வருஷம் என்று முதலில் தேடுங்கள். இலங்கைக்குள் இந்தியா திட்டத்தோடு வரும்போதும் அதையே கேட்க வேண்டும். யாழ்ப்பாணம் பக்கத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்திட்டம் 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. ராமேஸ்வரத்துக்கு இவ்வளவு பக்கத்திலா என்று இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் அது இந்திய மானியத் திட்டமாக மாறியது.