நர்சிங் ஹோம் தொடங்கும் முன் கட்டடத்தைப் பாருங்கள்

நர்சிங் ஹோம் தொடங்கப்போகும் டாக்டர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் இடத்தைப் பிடித்திருப்பார்கள். அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, உள்வேலை நடக்கிறது, திறப்பு விழாவுக்கு நாளும் குறித்தாயிற்று. இனி லைசென்ஸ் மட்டும் வாங்கித் தாருங்கள் என்பார்கள். மருத்துவமனை அனுமதி வேலைகளையே தொழிலாகப் பார்க்கும் எனக்கு இந்த வரிசைதான் கவலை தருகிறது. தமிழ்நாட்டில் ஒரு நர்சிங் ஹோமுக்கு வேண்டிய முக்கியமான அனுமதிகள் பலவும் கட்டடத்தைப் பிடித்துத் தொங்குபவை. அது சரியில்லை என்றால் எந்த ஃபைலும் நகராது.

அடிப்படைப் பதிவு, மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வருவது. சட்டம் 1997-லேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் வந்தது 2018-ல்தான். நடுவில் போன இருபது வருடப் பழக்கத்தில், "டிகிரியும் மெடிக்கல் கவுன்சில் பதிவும் இருக்கிறதே, போதாதா?" என்று கேட்கும் மூத்த டாக்டர்கள் இன்றும் உண்டு. போதாது. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில், நாம் ஜே.டி. ஆபீஸ் என்கிறோமே, அங்கே பதிவுச் சான்று வாங்கியாக வேண்டும். படுக்கையே இல்லாத கிளினிக்குக்கும் இது உண்டு.

சரி, கட்டடத்துக்கு வருவோம். குடியிருப்பு என்று பிளான் அப்ரூவல் வாங்கிய பெரிய வீடு, கடைகளுக்காகக் கட்டிய மாடி, இந்த இரண்டும்தான் அதிகம் மாட்டிக்கொள்பவை. உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது முத்திரை போட்ட பிளான். எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி, எத்தனை தளத்துக்கு அனுமதி என்று அதில் பாருங்கள். இரண்டு மாடிக்கு வாங்கிவிட்டு மூன்றாவதை எழுப்பியிருப்பது நம் ஊர்களில் சாதாரணம். 2019-ன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் சாலை அகலம், பக்கவாட்டு இடைவெளி, வண்டி நிறுத்தும் இடம் எல்லாம் பயன்பாட்டைப் பொறுத்து மாறும். உள்ளே சுவரை இடித்து வார்டு ஆக்கிவிடலாம். தீயணைப்பு வண்டி உள்ளே வரப் பக்கத்தில் இடம் இல்லையென்றால் அதை எங்கிருந்து கொண்டுவருவது?

ஆகவே லீஸ் பத்திரத்தில் இரண்டு விஷயத்தை எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு மாற்றும் அனுமதிக்கு உரிமையாளர்தான் கையெழுத்துப் போட்டு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அனுமதி கிடைத்த பிறகே முழு வாடகை தொடங்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத உரிமையாளர் என்றால் வேறு இடம் பார்ப்பதே நல்லது என்றுதான் நான் சொல்வேன்.

தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்றை வெறும் காகிதமாக நினைப்பவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும். 2011 டிசம்பரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில், கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் குவித்திருந்த பொருட்கள் தீப்பிடித்து, 90-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறி. 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்துபோனார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களை வெளியே தூக்கினார்கள், அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. காலில் கட்டுப் போட்டுப் படுத்திருப்பவர் தானாக எழுந்து ஓட மாட்டார். இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, அதில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா, அதன் கீழே பழைய கட்டிலும் அட்டைப் பெட்டியும் அடைத்துக் கிடக்கின்றனவா என்று நானே ஏறி இறங்கித்தான் பார்ப்பேன்.

மருத்துவக் கழிவுக்கு 2016 விதிகளின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். 75 கிலோமீட்டருக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் நீங்களே எரிக்கவோ புதைக்கவோ கூடாது. அவர்களுடன் ஒப்பந்தம் போட வேண்டும். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. இதற்கும் இடம்தான் கேள்வி: பூட்டக்கூடிய தனி அறை, நோயாளிகள் நடக்கும் வழியில் குறுக்கிடாமல் வண்டி வந்து எடுத்துப்போக வாசல். வீட்டை மாற்றி அமைத்த பல இடங்களில் இந்த அறை மாடிப்படிக்கு அடியில்தான் முடிகிறது.

ஸ்கேன் மெஷின் விஷயத்தில் அவசரம் இன்னும் ஆபத்து. கருவின் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994 சட்டப்படி, பதிவு இல்லாத இடத்துக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை விற்பதே குற்றம். பதிவு 5 ஆண்டுக்கு. டாக்டரோ, மெஷினோ, முகவரியோ மாறினால் 30 நாள் முன்னதாகவே தெரிவிக்க வேண்டும். எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், மருந்துக் கடைக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, லிஃப்டுக்குத் தனி உரிமம். இவற்றை வரிசையாக முடித்துக்கொள்ளலாம்.

திறந்த பிறகு வரும் தவறு ஒன்று உண்டு: சான்றில் இருக்கும் எண்ணிக்கையைத் தாண்டிக் கட்டில் போடுவது. 2024 மே மாதம் டெல்லி விவேக் விகாரில் தீப்பிடித்த பச்சிளங்குழந்தை மருத்துவமனைக்கு அனுமதி 5 படுக்கைக்குத்தான். அன்று உள்ளே இருந்தவை 12 குழந்தைகள். உரிமமும் மார்ச் 31-லேயே காலாவதியாகியிருந்தது. கூட்டம் அதிகமாகிப் படுக்கையைக் கூட்ட நினைத்தால் ஜே.டி. ஆபீஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தீயணைப்புத் துறை மூன்றிடமும் முதலில் போங்கள். திருத்திய சான்றுகள் கைக்கு வந்த பிறகு கட்டிலுக்கு ஆர்டர் கொடுங்கள்.