புது டர்போ பெட்ரோல் கார்: முதல் 1500 கிலோமீட்டரும், அதற்குப் பிறகு ஆயிலும்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஷோரூமிலிருந்து இறங்குகிற 1 லிட்டர், 1.2 லிட்டர், 1.5 லிட்டர் பெட்ரோல் வண்டிகளில் டர்போ இப்போது சாதாரணமாகிவிட்டது. ஓட்டுகிற பழக்கமும் பராமரிக்கிற பழக்கமும் மட்டும் பழைய வண்டியோடதாகவே தங்கிவிட்டன. கெட்டுப்போன டர்போவைக் கழற்றிப் பார்த்தால் பெரும்பாலும் குற்றம் அதற்கு வந்து சேர்ந்த ஆயிலில்தான் இருக்கும். புது வண்டி வாங்கியவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

டர்போ வேலை செய்வது இப்படி: எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. முழு ஆக்சிலேட்டரில் அந்தப் புகையின் சூடு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். சின்ன எஞ்சின்களின் டர்போ தண்டு நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும். பெரும்பாலான டர்போக்களில் அந்தத் தண்டைத் தாங்கிப் பிடிப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம்தான். அந்த ஆயில் வருகிற துளையோ பேனா ரீஃபில் அளவுக்குத்தான் இருக்கும்.

முதலில் ரன்னிங்-இன், அதாவது புது எஞ்சினைப் பழக்குவது. போரிங் பட்டறை பார்த்த கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஹோனிங் போட்ட, அதாவது கல்லால் நுணுக்கமாகத் தேய்த்த, சிலிண்டர் சுவரில் குறுக்குக் கோடுகள் இருக்கும். பிஸ்டன் ரிங் அந்தக் கோடுகளின் முனைகளை மெல்லத் தேய்த்துத் தனக்கென ஒரு படிமானம் ஏற்படுத்திக்கொள்கிறது. இந்த வேலையில் பெரும்பங்கு முதல் சில நூறு கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். ரிங்கை வெளிப்பக்கம் அழுத்திப் பிடிப்பது சிலிண்டருக்குள் எரிகிற வாயுவின் அழுத்தம். அதனால் புது வண்டியை விரட்டுவதும் தப்பு, பயந்து பயந்து உருட்டுவதும் தப்பு. அழுத்தமே இல்லாமல் ஓட்டினால் சுவர் வழவழப்பாகிவிடும், பிறகு ஆயில் குடிக்கிற வண்டியாகிவிடும்.

முதல் 1000 கிலோமீட்டர் வரை 3000 முதல் 3500 ஆர்பிஎம்முக்குள் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றுகிற சுற்று), அரை ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள். உங்கள் கையேடு வேறு எண் சொன்னால் அதுதான் சட்டம். 3-வது கியரில் 2000-லிருந்து 3000 வரை நிதானமாக ஏற்றி, காலை எடுத்து, வண்டியை கியரிலேயே தளர விடுங்கள். இப்படி ஏற்றி இறக்கி ஓட்டுவதில்தான் ரிங் ஒழுங்காக உட்காரும். ஆகவே சேலம் நான்கு வழிச்சாலையில் க்ரூஸ் கன்ட்ரோல் போட்டு ஒரே வேகத்தில் போவதைவிட, பல்லடம்–தாராபுரம், கோபி–சத்தி மாதிரி ஊர்களும் வேகத்தடைகளும் வருகிற சாலைகள் ரன்னிங்-இன்னுக்கு நல்லது. 1000-க்கு மேல் 1500 வரை ஆர்பிஎம்மைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தலாம். பிரேக் பேடுக்கும் டயருக்கும் முதல் 200, 300 கிலோமீட்டர் அவகாசம் கொடுங்கள். அதுவரை முன்வண்டியோடு இடைவெளி கூடுதலாக இருக்கட்டும்.

புது வண்டியைப் பண்ணாரிக்கும் மருதமலைக்கும் கொண்டுபோய்ப் பூஜை போடுவது நம் பக்கத்து வழக்கம். தாராளமாகப் போகலாம். ஆனால் பண்ணாரியில் பூஜை முடித்த கையோடு, குடும்பம் முழுக்க ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டுத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதை 1000 கிலோமீட்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

ரன்னிங்-இன் முடிந்தாலும் விடக் கூடாத ஒரு பழக்கம் உண்டு. டர்போ வண்டியில் 1500, 1800 ஆர்பிஎம்மிலேயே இழுவை வந்துவிடுகிறது. அதை நம்பி, வேகத்தடை ஏறி இறங்கி 25 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்த பிறகும் 4-வது கியரிலேயே ஆக்சிலேட்டரை ஒட்ட மிதிக்கிறார்கள். அந்த நேரத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், பிஸ்டன் வேகம் குறைவு. ஸ்பார்க் ப்ளக் பொறி கொடுக்கும் முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும் வாய்ப்பு இங்கேதான் அதிகம். கடுமையாக நடந்தால் ஒன்றிரண்டு தடவையிலேயே பிஸ்டன் உடையலாம், ரிங் முறியலாம். ஒரு கியர் இறக்கினால் போதும். ஏபிஐ என்கிற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் ‘எஸ்பி’ தர ஆயில் 2020-இல் வந்தபோது அதன் சோதனைகளில் இந்தப் பிரச்சினையும் ஒன்றாக இருந்தது. டின்னில் அந்த எழுத்துகளைப் பார்த்து வாங்கச் சொல்வது இதற்காகத்தான்.

மலைப்பாதைக்கு வருவோம். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லாறு தாண்டி ஏறி, பர்லியாறில் டீக்கு நிறுத்துகிறீர்கள். வண்டி நின்றதும் சாவியைத் திருகினால் ஆயில் பம்ப்பும் நின்றுவிடும். டர்போவோ நெருப்பாய்க் கிடக்கும். தண்டைத் தாங்கும் பேரிங்கில் தேங்கிய ஆயில் அந்தச் சூட்டில் கரியாகி ஒட்டிக்கொள்ளும். இது ஒரே நாளில் தெரியாது. படலம் படலமாகச் சேர்ந்து ஆயில் வழியை அடைக்கும்போது தண்டு உலர்ந்து சுற்றும், பேரிங் போகும். ஏற்றத்தில் உழைத்த வண்டியை ஒன்று, இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள். வண்டி நின்றதும் எஞ்சினைத் தானாக அணைக்கிற ஸ்டார்ட்-ஸ்டாப் வசதி இருந்தால் மலையில் அந்தப் பட்டனை அணைத்து வையுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து ஹோட்டலுக்குத் திரும்பும்போது கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக வந்தாலே பாதி வேலை முடிந்தது. ஊருக்குள் காய்கறி வாங்கிவிட்டு வருகிற வண்டிக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. அணைத்த பிறகும் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம், சூட்டைத் தணிக்கிற ஏற்பாடு அது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிடம் போதும். ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்து உறும விடுவதால் பெட்ரோல்தான் வீண். முதல் 10 நிமிடம் மிதமாக ஓட்டுங்கள். சூட்டு முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் முழுச்சூட்டுக்கு வர இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

இனி ஆயில் மாற்றுவது. பல கம்பெனிகள் 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்கின்றன. அதே கையேட்டில் ‘கடுமையான பயன்பாடு’ என்றொரு தனி அட்டவணை இருக்கும், அதை யாரும் புரட்டுவதில்லை. குறைந்த தூர ஓட்டம், நெரிசல், தூசி, மலை, அதிக வெயில் எல்லாம் அதில் வரும். ஆர்.எஸ்.புரத்திலிருந்து காந்திபுரம் போய்த் திரும்புகிற வண்டி அந்தப் பட்டியலில் முதல் வரிசை. பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்கிற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், சூடாகாத சிலிண்டர் சுவரில் படிகிற பெட்ரோல் ரிங்கைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் அது ஆவியாகிப் போய்விடும், 3 கிலோமீட்டர் ஓட்டத்தில் போகாது. ஆகவே ஊருக்குள்ளேயே ஓடும் டர்போ வண்டிக்கு 5000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம் என்றே சொல்வோம். ஒரு ஆயில் மாற்றத்துக்கு மூன்றரை முதல் நாலரை லிட்டர் ஆகும். புது டர்போவின் விலையோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை.

ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை நீங்களே பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து 5 நிமிடம் கழித்து உருவுங்கள். துடைக்க நூல் உதிராத துணி வேண்டும், நூல் உதிர்கிற பனியன் வேஸ்ட் வேண்டாம். மறுபடி செருகி எடுத்து, அளவு இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் கசிவோ எரிதலோ இருக்கலாம். ஊற்றாமலேயே மேல் குறியைத் தாண்டியிருந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், தேதிக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றுங்கள்.

நம் ஊருக்கென்றே இரண்டு தொல்லைகள். சோமனூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் துசும்பும், பொள்ளாச்சி பக்கம் தென்னை நார்த் தூளும் ஏர் ஃபில்டரில் மெத்தை போலப் படிந்துவிடும். ஆடிக் காற்றில் இன்னும் மோசம். டர்போ நிறையக் காற்று இழுக்கிறது, அதனால் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். பஞ்சர் கடை ஏர் கன்னால் ஊதினால் காகிதம் கிழிந்து தூசி நேராக டர்போ சக்கரத்துக்குப் போகும், மாற்றுவதே நல்லது. அதே பஞ்சு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும், முன்னாலுள்ள இன்டர்கூலரிலும் அடைக்கும். வாட்டர் வாஷில் பிரஷரைக் கிட்டே வைத்து அடித்தால் அதன் தகடுகள் மடங்கிவிடும். இரண்டாவது தொல்லை உப்புத்தண்ணீர். கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், டர்போவைக் குளிர்விக்கும் சின்ன வழிகளில் உப்பு படியும். கையேடு சொல்லும் கூலன்ட் மட்டும்தான், அதுவும் எஞ்சின் ஆறிய பிறகு.

ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது ‘புஸ்’ என்ற சத்தமும் இழுவைக் குறைவும் சேர்ந்து வந்தால், முதலில் டர்போ காற்றுக் குழாயின் கிளாம்ப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். பல சமயம் அதோடு முடிந்துவிடும். நீலப் புகை வந்தால் ஓட்டுவதை நிறுத்துங்கள். காற்றுக் குழாய்க்குள் லேசான ஆயில் ஈரம் இருப்பது இயல்பு, அதைக் காட்டி டர்போவை மாற்றச் சொன்னால் தண்டின் ஆட்டத்தை அளந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

ஒவ்வொரு சர்வீஸிலும் டின்னின் சீல் உங்கள் கண்முன் உடைய வேண்டும். 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று ஆயிலின் தடிமனைச் சொல்லும் கிரேடும், எஸ்பி என்கிற தரமும், ஊற்றிய லிட்டரும், ஓடிய கிலோமீட்டரும் பில்லில் எழுத்தில் வர வேண்டும். வாரன்டிக்குப் போகும்போது கம்பெனி முதலில் கேட்பது அந்த பில்லைத்தான்.