கப்பிள் தெரபிக்குத் தமிழில் என்ன?

புதுச்சேரியில் கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் 'கவுன்சிலிங் போயிட்டு வந்தோம்' என்று யாராவது சொன்னால், அடுத்த கேள்வி 'எந்த காலேஜ் கிடைச்சுது?' என்பதுதான். கல்லூரி இடங்களை ஒதுக்கும் அரசுக் குழுவான சென்டாக் அந்தச் சொல்லை அப்படி வளைத்துப் போட்டுவிட்டது. கடலூர்ப் பக்கம் வேறு குழப்பம். அங்கே கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். மஞ்சக்குப்பத்தில் ஒரு மண்டபத்தில் 'கவுன்சிலர்களுக்கான பயிற்சி முகாம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். முதல் நாள் காலையிலேயே ஒரு பெரியவர் சாக்கடை அடைப்பு பற்றிய மனுவோடு வந்து நின்றார். நடந்ததோ, கணவன் மனைவி பிணக்கில் உதவுகிறவர்களுக்கான பயிற்சி. கையேட்டைத் தமிழில் எழுதித் தரும் வேலை என்னுடையது. தலைப்பில் இருந்த 'கப்பிள் தெரபி'யிலேயே இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

பெரியவர்மேல் தப்பில்லை. இலத்தீனில் 'கொன்கிலியும்' என்றால் கூட்டம், 'கொன்சிலியும்' என்றால் யோசனை. நகராட்சிக் கவுன்சிலர் முதல் சொல்லின் வழி வந்தவர், பயிற்சிக்கு வந்த நம் கவுன்சிலர் இரண்டாம் சொல்லின் வழி. ஆங்கிலத்திலேயே இவை இரண்டும் வெகுகாலம் கலந்து கிடந்தன. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் பிரிப்பதில்லை, அவர்களுக்கு இரண்டும் 'கொன்செய்'தான்.

'கப்பிள்' என்பதன் மூலம் 'கோபுலா', அதாவது கட்டு, பிணைப்பு. ரயில் பெட்டிகளைக் கோக்கும் 'கப்ளிங்'கும் அந்த வீட்டுப் பிள்ளைதான். நம்மிடம் புழங்கும் 'தம்பதி' வடசொல். 'தம்' என்பது வேதகாலத்தில் வீடு, 'பதி' தலைவர். வீட்டுக்குத் தலைவர் இருவர் என்பது பொருள். நல்ல சொல்தான். ஆனால் தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்கிறவர்களையும் ஒருபால் இணைகளையும் அதற்குள் உட்கார வைக்க முடியாது. 'இணையர்' என்றால் எல்லோருக்கும் இடம் உண்டு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தெரபிதான் ஆளைச் சுற்றவிட்டது. அகராதியைத் திறந்தால் 'சிகிச்சை'. ஆனால் கிரேக்கத்தில் 'தெராபோன்' என்பவர் மருத்துவர் அல்லர், பக்கத்தில் இருந்து பணிசெய்கிறவர். கிரேக்கக் கவி ஹோமரின் காவியத்தில் மாவீரன் அக்கிலீசுக்கு அவன் நண்பன் பத்ரோக்ளஸ் அப்படி ஒரு தெராபோன். தேரிலும் கூடாரத்திலும் கூடவே இருப்பவன். 'தெராபெயா' என்றால் அருகிருந்து கவனித்துக்கொள்வது. நோய், மருந்து என்பதெல்லாம் அப்புறம் ஒட்டிக்கொண்டவை. நம் 'சிகிச்சை'யும் வடமொழியில் 'கவனிக்க விரும்புதல்' என்ற வேரிலிருந்து வந்ததுதான். ஆனால் இன்று அதைக் கேட்டால் ஊசி ஞாபகம் வருகிறது. சண்டை போட்டுக்கொண்டு வரும் இருவரில் யார் நோயாளி?

சரி, 'ஆலோசனை' என்று வைத்துவிட்டுப் போகலாமே என்றார் ஒரு நண்பர். அதன் வேர் பார்த்தல். கண்ணுக்கு 'லோசனம்' என்று பெயர். நன்றாகப் பார்த்து எண்ணுவது ஆலோசனை. தமிழில் அது எப்போதோ அறிவுரையாகிவிட்டது. 'ஆலோசனை சொல்லுங்க' என்கிறோம், 'ஆலோசனை பாருங்க' என்பதில்லை. மேல்நாட்டிலும் இந்த வேலை ஆரம்பத்தில் அறிவுரை வேலையாகத்தான் இருந்தது. பிரிட்டனில் 1938-இல் தொடங்கிய அமைப்பின் பெயரே 'திருமண வழிகாட்டல் மன்றம்'. 1988-இல் அதை விட்டுவிட்டு 'ரிலேட்' என்று சுருக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 1942-இல் உருவான சங்கத்தின் பெயரிலும் முதலில் 'கவுன்சிலர்' இருந்தது, பிறகு அதை எடுத்துவிட்டுத் 'தெரபி'யை வைத்தார்கள். வழிகாட்டுவதிலிருந்து வழிகாட்டாமல் இருப்பதற்கு அந்தத் தொழில் நகர்ந்த கதை இந்தப் பெயர் மாற்றங்களிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில், முக்கியமாகக் கிறிஸ்தவச் சேவை வட்டாரங்களில், நிலைத்த சொல் 'ஆற்றுப்படுத்துதல்'. ஆறு என்றால் வழி, வழியில் செலுத்துவது ஆற்றுப்படுத்துவது. பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் எதிரே வரும் இன்னொரு பாணனுக்கு 'இப்படிப் போ, இன்னாரைப் பார்' என்று சொல்வது ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்கிறார்கள். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறினால் வந்துவிடும் ஊர். அழகான சொல், நம்ம பக்கத்துச் சொல் என்ற பெருமையும் உண்டு. இருந்தும் இரண்டு சிக்கல். முதலாவது, கேட்கிறவர்கள் பலரும் இதை 'ஆறுதல்' என்ற சொல்லோடு சேர்த்துவிடுகிறார்கள். பயிற்சிக்கு வந்திருந்த ஓர் ஆசிரியை 'மனச ஆத்துறதுதானே சார்?' என்றே கேட்டார். இரண்டாவது இன்னும் பெரிசு. பாணனுக்குப் போகவேண்டிய ஊர் தெரியும், அவன் போய்விட்டு வந்தவன். ஒரு தம்பதி சேர்ந்திருக்க வேண்டுமா பிரிய வேண்டுமா என்பது அறையில் இருக்கும் மூன்றாமவருக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி நடக்கவும் கூடாது.

இது ஏட்டுப் பேச்சில்லை. இரண்டாம் நாள் மத்தியானம் நடித்துப் பார்க்கும் பயிற்சி. மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் முக்கோணமாக. கணவனாக ஒருவர், மனைவியாக ஒருவர், கவுன்சிலராக நாற்பது வயதுக்காரர் ஒருவர், அனுபவசாலி. கணவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். மனைவி சமையலறைச் சாவியைப் பற்றிச் சொன்னார். கவுன்சிலரின் நாற்காலி தன்னையறியாமல் ஒரு சாண் கணவர் பக்கம் நகர்ந்தது. நாலாவது நிமிஷம் அவர் வாயிலிருந்து வந்தது: 'நீங்கதாம்மா கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போகணும்.' பயிற்சியாளர் கையைத் தட்டி நிறுத்தினார். யாரையும் திட்டவில்லை. நாற்காலியின் கால் முன்பு இருந்த இடத்தைச் சாக்பீஸால் காட்டினார், அவ்வளவுதான். 'விட்டுக்கொடுத்தல்' என்ற சொல்லுக்கு இலக்கணத்தில் பால் கிடையாது. வழக்கில் அது பெண்பால்.

பழைய இலக்கணத்தில் இந்த மூன்றாவது நாற்காலிக்குப் பெயர் 'வாயில்'. மணவாழ்க்கையைப் பேசும் தொல்காப்பியக் கற்பியல் தோழி, தாய், பாணன், விருந்தினர் என்று கண்டோர் வரை பன்னிரண்டு பேரை வாயில்கள் என்று வரிசைப்படுத்துகிறது. ஊடலைத் தீர்க்கத் தூது போகிறவர்கள். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாமோ என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் பாணன் தலைவன் அனுப்பிய ஆள். பரத்தை வீட்டிலிருந்து திரும்பியவனுக்காகக் கதவைத் திறக்கச் சொல்லி நிற்கிறவன். அதனால்தான் 'வாயில் மறுத்தல்' என்று ஒரு துறையே இருக்கிறது. தோழி அவனை வாசலோடு அனுப்பிவிடுவாள். இன்றைய பயிற்சியில் முதல் பாடமே, யார் ஃபோன் செய்து நேரம் வாங்கினாரோ அவருடைய வாயிலாக ஆகிவிடாதே என்பதுதான். நடுநிலை என்றால் யார் பக்கமும் சேராமல் விறைப்பாக இருப்பதும் இல்லை, இருவர் பக்கமும் மாறிமாறி நிற்கப் பழகுவது.

பழந்தமிழில் உண்மையாகவே கைகொடுப்பவை பிணக்கின் அளவைச் சொல்லும் சொற்கள். ஊடல், புலவி, துனி. திருக்குறள் புலவியை உப்பு என்கிறது, அளவு கூடினால் கெட்டது. துனி முற்றிய சண்டை. முதல் சந்திப்பில் 'இது எந்த அளவில் இருக்கிறது' என்று கணிக்கப் பயிற்சி தருகிறார்கள், அந்த இடத்தில் இந்த மூன்றையும் கையேட்டில் சேர்த்துவிட்டேன். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் உறவை அரிக்கும் நான்கு பழக்கங்கள் என்று சொல்வதற்கும் வீட்டுச் சொல்லே போதும்: குத்திக்காட்டுதல், இளக்காரம், சால்ஜாப்பு, வாயை இறுக மூடிக்கொள்ளுதல். இதில் இளக்காரம்தான் மோசமானது என்று அவர் சொல்வது நமக்குப் புதிதா என்ன?

'சூப்பர்விஷன்' மட்டும் படியவில்லை. மேற்பார்வை என்றால் சித்தாளை விரட்டும் மேஸ்திரி தெரிகிறார். இங்கே அது தான் நடத்திய சந்திப்பை, வந்தவர்கள் சம்மதித்திருந்தால் ஒளிப்பதிவோடு, மூத்தவர் ஒருவரிடம் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்ப்பது. 'உடனிருந்து ஆராய்தல்' என்று நீளமாகவே எழுதினேன்.

அடிதடி இருக்கும் வீட்டுக்கு இந்தச் சொற்கள் எதுவும் பொருந்தாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இருவரையும் முதலில் தனித்தனியே பார்க்கச் சொல்கிறார்கள். கணவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மனைவி உண்மை சொன்னால், ராத்திரி வீட்டில் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் கீழ் வந்த விதிகளும், அடித்ததற்குக் கவுன்சிலிங்கில் நியாயம் கற்பிக்க எதிர்மனுதாரரை விடக்கூடாது என்கின்றன.

கடைசியில் சொல் கிடைத்தது இலங்கைத் தமிழில். அங்கே கவுன்சிலிங்குக்கு 'உளவளத்துணை' என்பார்கள். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது 'துணை'. தமிழில் அது உதவி, கூட வருகிறவர், வாழ்க்கைத்துணை. பழைய வழக்கில் இரட்டை, ஜோடி என்ற பொருளும் உண்டு. கப்பிள், தெரபி இரண்டும் ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. பத்ரோக்ளஸையும் தமிழில் துணைவன் என்றுதான் சொல்லியிருப்போம். ஆக, 'இணையர் உளவளத்துணை' என்று எழுதி முடித்தேன்.

அடுத்த பயிற்சி புதுச்சேரியில். ஃபிளெக்ஸ் கடைத் தம்பி கம்ப்யூட்டரில் அதை அடித்துவிட்டு நிமிர்ந்தார். 'உளவளத்துணைன்னா, துணை கலெக்டர் மாதிரி போஸ்டிங்கா சார்?' விளக்கினேன், தலையாட்டினார். சாயந்திரம் போய் வாங்கினால், நான் கொடுத்த வரிக்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில், மஞ்சள் நிறத்தில், அவராகவே 'கவுன்சிலிங்' என்று சேர்த்திருந்தார். இந்த முறை சாக்கடை மனுவோடு யாரும் வரவில்லை. பிளஸ் டூ முடித்த பையனோடு ஒரு அப்பா வந்தார்.