இன்டிமசி: நெருக்கம் என்றே எழுதுவோம்

சென்ற கிழமை மட்டக்களப்பில் ஓய்வூதியர்களுக்கான சுகாதாரக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பேச வந்தவர் 'இன்டிமசி' (intimacy) என்ற ஆங்கிலச் சொல்லை மூச்சுக்கு மூச்சு 'அந்தரங்க உறவு' என்றார். கையில் தந்த தாளிலும் அதேதான். பக்கத்தில் இருந்த அக்கா என் காதோடு கேட்டார்: "38 வருசம் குடும்பம் நடத்தின மனுசனோட எனக்கென்ன தங்கச்சி, கள்ள உறவா?" மறுகா அவர் வாய் திறக்கவே இல்லை.

அந்த ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் லத்தீன். 'இன்டிமுஸ்' என்றால் மிக உள்ளே இருப்பது. வடமொழி 'அந்தரங்க'மும் உள்ளே உள்ளதைத்தான் குறிக்கும். ஆகவே, அகராதியைப் பார்த்து எடுத்தவர் பொருளில் பிழைவிடவில்லை. ஆனால் பிறர் பிரிக்கக் கூடாத கடிதத்தின் உறைமேல் 'அந்தரங்கம்' என்று எழுதி எழுதி, மறைக்கவேண்டியது என்ற பொருள் அந்தச் சொல்லில் ஊறிவிட்டது. 60 வயதில் பென்சன் எடுத்த பெண், மாதவிடாய் நின்றபின் வரும் வறட்சியைச் சொல்லக் கூசுகிறார். சீனி வருத்தம் நரம்பையும் இரத்தக் குழாயையும் கெடுத்து விறைப்பைக் குறைக்கிறது என்பதை அவர் கணவர் யாரிடமும் கேட்கவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. மறை மறை என்கிற சொல்லாலேயே விசாரித்தால் எப்படிச் சொல்வார்கள்?

'உடலுறவு' இன்னும் மோசம். முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவதும், கை கோத்துப் படுப்பதும் அதற்குள் வராது. 'தாம்பத்தியம்' நல்ல சொல், ஆனால் இல்வாழ்க்கை முழுவதையும் அள்ளிக்கொள்ளும்.

'நெருக்கம்' போதும். சனநெருக்கமும் அதுதானே என்று ஒருவர் மறுத்தார். "ரெண்டு பேரும் நல்ல நெருக்கம்" என்றால் இங்கே யாருக்கு விளங்காது? உடம்பைப் பற்றிச் சொல்லவேண்டிய இடத்தில் 'உடல் நெருக்கம்', நோய், சுகம் பேசும்போது 'பாலியல் நலம்'. மொழிபெயர்ப்பவர்கள் எழுதியதை ஒரு தடவை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் பாதிப் பிழை அங்கேயே தெரிந்துவிடும்.

'அந்தரங்கம்' பொருந்தும் இடம் வேறு. எங்கள் பக்கம் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, விறாந்தையில் பாய் போடும் தாய் தகப்பன் எத்தனை பேர்! கதவுள்ள ஓர் அறை அவர்களுக்கு வேண்டும். அது அந்தரங்கம். அறைக்குள் இருவருக்கும் இடையில் இருப்பது நெருக்கம்.

கூட்டம் முடிந்ததும் அக்காவின் தாளில் அந்தச் சொல் வந்த இடமெல்லாம் வெட்டி, மேலே 'நெருக்கம்' என்று பேனையால் எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்த்து, மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "மனுசனும் வாசிக்கட்டும்" என்றார்.