வெடிமருந்தின் தடயம்: இயந்திரம் சொல்வதும் சொல்லாததும்

வன்னியில் இன்று வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீடு குறைவு. கட்டாருக்கு வேலைக்குப் போகும் மகன், கனடாவில் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அம்மம்மா என்று யாராவது போய்க்கொண்டே இருக்கிறார்கள். வழியில் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் சிறு துணித்துண்டால் உங்கள் கையையும் பையின் பிடியையும் துடைத்து, வெடிமருந்தின் தடயம் இருக்கிறதா என்று பார்க்க இயந்திரத்துக்குள் வைப்பார். சிலவேளை சிவப்பு விளக்கு எரியும். போர்க்காலத்தில் ஓமந்தைச் சோதனைச்சாவடியில் வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்த விளக்கைக் கண்டால் நெஞ்சு பதறும். இரசாயனப் பகுப்பாய்வு என் தொழில். கிராமங்களில் பேசப் போகும்போது இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த விளக்கு எரிந்தால், இன்னொரு தரம் பார்க்கவேண்டும் என்று அர்த்தம். அதற்குமேல் ஒன்றுமில்லை.

ஏன் துடைக்கிறார்கள்? ரி.என்.ரி., ஆர்.டி.எக்ஸ். போன்ற வெடிமருந்துகள் லேசில் ஆவியாகாது. அதிலும் ஆர்.டி.எக்ஸ். காற்றில் இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவு. ஆனால் தொட்டவரின் விரலில் ஒட்டும். விரலிலிருந்து பைப்பிடிக்கு, ஸிப்புக்கு, கைபேசிக்குப் போகும். அதைத்தான் துணி எடுக்கிறது. இயந்திரம் துணியைச் சூடாக்க, ஒட்டியிருந்தது ஆவியாகும். பிறகு அது மின்னேற்றம் பெற்று அயனாகி, ஒரு குழாய்க்குள் மின்புலத்தால் இழுபட்டு ஓடும். சிறியவை முந்தும், பருத்தவை பிந்தும். மறுமுனையைத் தொட எத்தனை மில்லிசெக்கன் பிடித்தது என்று அளந்து, தன்னிடமுள்ள பட்டியலோடு ஒப்பிடும். இதன் பெயர் அயன் நகர்வு நிறமாலையியல். சில நனோகிராம் இருந்தாலே போதும். ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு.

இவ்வளவு கூர்மையாக இருப்பதால் அப்பாவிகளும் அகப்படுவார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசையில் இருப்பது நைத்திரோகிளிசரின். டைனமைற்றில் இருப்பதும் அதே பொருள்தான். கோயில் திருவிழாவில் வெடி கொளுத்திய கை, கல் உடைக்கும் இடத்தில் வேலை செய்த சட்டை, நைத்திரேற்றுப் பசளை மூட்டை தூக்கிய பை, ஏன், சில கைக்கிறீம்கள்கூட விளக்கை எரியவைக்கலாம். மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகும் எங்கள் பெண்பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனிக்கவேண்டும். வேலைக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். வேலைத்தலக் கடிதமொன்று கையில் இருக்கட்டும். குளிசை எடுப்பவர்கள் வைத்தியரின் துண்டை வைத்திருங்கள். விளக்கு எரிந்தால் பயந்து மழுப்பவேண்டாம். எதைத் தொட்டீர்களோ அதை அப்படியே சொல்லுங்கள். திரும்பத் துடைப்பார்கள், பையைத் திறந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

தூளோ திரவமோ கண்ணில் படும் அளவுக்கு இருந்தால் வேறு கருவி இருக்கிறது. திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த விளைவில் இயங்குவது அது. லேசர் ஒளியைப் பாய்ச்சினால் சிதறி வருவதில் மிகச் சிறு பங்கு மட்டும் நிறம் மாறி வரும். அந்த மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறு. கண்ணாடிப் போத்தலைத் திறக்காமலே உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிவிடலாம். அழகான வேலை அது, எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆனால் கரிய தூளின் மேல் லேசரைப் பிடிப்பது ஆபத்து. அது ஒளியை உறிஞ்சிச் சூடாகும். பழகியவர் கையில் மட்டுமே இருக்கவேண்டிய கருவி.

சரி, இந்த இயந்திரங்களை நம்பி போருக்குப் பிறகும் எங்கள் காணிகளில் கிடக்கும் வெடிபொருளைக் கண்டுபிடிக்க முடியாதா என்று கேட்கிறார்கள். முடியாது. இரும்புக்கு உள்ளே லேசர் ஒளி போகாது. இறுக மூடிய செல்லின் (பீரங்கிக் குண்டின்) வெளிப்புறத்தைத் துடைத்தால் ஒன்றுமே வராமல் போகலாம். மண்ணில் கசிவதும் மிகக் குறைவு. பழகிய நாய்களால் அதை மணக்க முடியும். அவை பிடிப்பதில் ரி.என்.ரி.யோடு கலந்திருக்கும், அதைவிட லேசாக ஆவியாகும் டி.என்.ரி.யும் அடங்கும். முகமாலையில் இன்றும் மனிதர் முழந்தாளில் இருந்து மண்ணைச் சுரண்டித்தான் மிதிவெடி எடுக்கிறார்கள்.

இதை நான் விரிவாக எழுதக் காரணம், விற்பதற்கென்று பொறுக்கும் பழைய இரும்பு. "துருப்பிடிச்சுப் போச்சு, இனி வெடிக்காது" என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். துருப்பிடிப்பது வெளிக்கூடு. உள்ளே இருக்கும் ரி.என்.ரி. பல பத்தாண்டுகள் கழிந்தும் கெடாது. வெடிக்கவைக்கும் பொறிமுறைதான் உக்கிப்போய், எப்போது எதற்கு அசையும் என்று சொல்லமுடியாத நிலைக்கு வருகிறது. கிலோவுக்கு விலை பேசி வாங்குபவரிடமும் அதைச் சோதிக்க ஒரு வழியும் இல்லை. காணி துப்புரவாக்கும்போது குப்பையை அப்படியே கொளுத்துவதும் இதே ஆபத்துத்தான்.

எதையாவது கண்டால் தொடாமல், தடியால் கிளறாமல், வந்த காலடி வழியே திரும்பி 119க்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். ஏற்கெனவே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டீர்களா? பொலிஸ் கேட்குமே என்று பயந்து இரவோடு இரவாகக் குளத்தில் போடப் போகவேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு, பிள்ளைகளையும் அயலவரையும் தூரத்துக்கு அனுப்பிவிட்டு, அழைப்பை எடுங்கள்.